சமநிலைன்னா வினை நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர் மாணவர் பக்கத்துல வினைவேகமும் வேதிச்சமநிலையும்னு அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, கூடவே ஒரு தராசு படம். தினசரி பேப்பர்ல இந்த மாதிரி விஷயத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கறதே பெரிய விஷயம், அதனால சண்டை போடணும்னு இதை எழுதல. ஆனா அந்த அரைப்பக்கத்துல மூணு வாக்கியம் இருக்கு, ரெண்டு முழுத்தப்பு, ஒண்ணு முக்காத்தப்பு, படிக்கற பசங்க மனசுல அது ஒருதடவை ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் சுரண்டி எடுக்கறது என்ன பாடுன்னு எனக்குத்தான் தெரியும், ஏன்னா 27 வருஷமா வேதியியல் பாடம் எடுக்கறேன், அதுல பாதி நாள் இந்த சுரண்டற வேலையிலதான் போயிருக்கு.

முதல் வாக்கியம், "சமநிலை அடைந்ததும் வினை நின்றுவிடுகிறது". ரெண்டாவது, "வினையூக்கி சேர்த்தால் வேகம் கூடும், அதனால் விளைபொருளும் அதிகம் கிடைக்கும்". மூணாவது, "சூடாக்கினால் மூலக்கூறுகள் அடிக்கடி மோதிக்கொள்வதால் வினை வேகமாகிறது". மூணாவது தனிக்கதை, அதுக்கு அப்புறம் வர்றேன். முதல் ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். ஒரு வினை எவ்வளவு வேகமா போகும்ங்கறது ஒரு கேள்வி, எதுவரைக்கும் போகும்ங்கறது வேற கேள்வி, கட்டுரை எழுதினவர் ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டிட்டார். அவர் மட்டும் இல்லீங்க, நிறைய பேர் கட்டியிருக்காங்க, அப்படி கட்டினதால கைக்காசு போன கதையே ஒண்ணு இருக்கு.

19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல நடந்தது. இரும்பு உருக்கற ஊதுலைக்குள்ள கார்பன் மோனாக்சைடு வாயு இரும்புத் தாதுல இருக்கற ஆக்சிஜனை புடுங்கிக்கிட்டு கார்பன் டை ஆக்சைடா மாறும், மிச்சம் இரும்பு. பேப்பர்ல சமன்பாடு போட்டு பார்த்தா உள்ள போன கார்பன் மோனாக்சைடு எல்லாம் தீர்ந்துபோயிருக்கணும், ஆனா உலை மேல வெளியில வர்ற புகையில அது ஏகத்துக்கும் இருந்துச்சு. அது எரிபொருள், வீணா காத்துல போகுதேன்னு உலைக்காரங்களுக்கு வயித்தெரிச்சல். சரி, வாயுவும் தாதுவும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு இருக்க நேரம் பத்தல போலன்னு முடிவு பண்ணி, உலையை ஒசரமாக்கினாங்க, இன்னும் ஒசரம், இன்னும் ஒசரம்னு கடைசியில 30 மீட்டர் வரைக்கும் கட்டிட்டாங்க. புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு பங்கு சொல்லிக்கற மாதிரி குறையவே இல்ல. ஏன்னா அது நேரம் பத்தாத பிரச்சினையே இல்ல, அந்த வினை ரெண்டு பக்கமும் போற வினை, அந்த சூட்டுல அது போகவேண்டிய தூரம் வரைக்கும் ஏற்கனவே போயாச்சு, இனி நூறு மீட்டருக்கு உலை கட்டினாலும் அதே கதைதான். இதை பின்னாடி எடுத்துக்காட்டி சொன்னவர் பிரெஞ்சுக்காரர் லே சாட்லியர், ஆமா, பாடப்புத்தகத்துல வர்ற அதே லே சாட்லியர்தான், சமநிலையில இருக்கறதுல நாம ஒரு மாத்தம் செஞ்சா அது அந்த மாத்தத்தை குறைக்கற பக்கமா நகரும்ங்கற தத்துவத்தை 1884ல சொன்னவர்.

இப்போ முதல் வாக்கியத்துக்கு வர்றேன், வினை நின்னுடும்ங்கறது. நைட்ரஜன் டை ஆக்சைடுன்னு ஒரு வாயு, நல்ல செம்பழுப்பு நிறம், நச்சு வேற, அதனால கண்ணாடி குழாய்ல போட்டு ரெண்டு முனையையும் உருக்கி அடைச்சிடுவோம். இதுல ரெண்டு மூலக்கூறு ஒட்டிக்கிட்டா டைநைட்ரஜன் டெட்ராக்சைடு, அதுக்கு நிறமே கிடையாது. ஒரே அளவு அடைச்ச ரெண்டு குழாய் எடுத்து ஒண்ணை ஐஸ் தண்ணியில வெச்சா வெளிறி லேசான மஞ்சளா போயிடும், இன்னொண்ணை வெந்நீர்ல வெச்சா கன்னங்கரேல்னு பழுப்பாயிடும். வேடிக்கை இதுக்கு அப்புறம்தான். ரெண்டையும் எடுத்து சாதாரண தண்ணி இருக்கற ஒரே பீக்கர்ல நிறுத்தணும். வெளிறினது மெல்ல மெல்ல நிறம் ஏறும், கறுத்தது மெல்ல மெல்ல இறங்கும், கொஞ்ச நேரத்துல எது எந்த குழாய்னு வெச்சவனுக்கே தெரியாது. நான் ஒவ்வொரு வருஷமும் ஒரு குழாய்க்கு நூல் கட்டி அடையாளம் வெச்சுக்குவேன், இல்லன்னா பசங்க நம்ப மாட்டாங்க. எந்த பக்கத்துலேர்ந்து கிளம்பினாலும் வந்து சேர்ற இடம் ஒண்ணு, சமநிலைன்னா அதுதான். வந்து சேர்ந்த பிறகும் உள்ள ஒட்டறது ஒட்டிக்கிட்டே இருக்கு, பிரியறது பிரிஞ்சுக்கிட்டே இருக்கு, ஒரு நொடியில எத்தனை ஒட்டுதோ அத்தனை பிரியுது, அதனால வெளியில இருந்து பார்க்கற நமக்கு எதுவும் நடக்காத மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.

சரி சார், நடக்குதுன்னு எப்படி சொல்றீங்க, கண்ணுக்கு தெரியலையேன்னு ஒரு பையன் கேட்டான், கேட்க வேண்டிய கேள்விதான். காரீய அயோடைடுன்னு ஒரு மஞ்சள் உப்பு, தண்ணியில கரையறதே ரொம்ப கம்மி. அது இனிமே கரையாதுங்கற அளவுக்கு கரைஞ்சு நிறைஞ்ச கரைசல்ல, கதிரியக்க அயோடின் வெச்சு செஞ்ச அதே உப்பை கொஞ்சம் திடமா போடறாங்க. கரைசல் ஏற்கனவே நிறைஞ்சிருக்கு, இனி ஒரு துளிகூட கரையக்கூடாது, அடியில கிடக்கற உப்போட எடையும் மாறல. ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு மேல இருக்கற தெளிவான கரைசலை எடுத்து கருவியில வெச்சா கதிரியக்கம் காட்டுது. எடை மாறாம ஆள் மாறியிருக்கு. கீழ இருந்தது மேல போய், மேல இருந்தது கீழ வந்து படிஞ்சிருக்கு. நின்னுபோன வினை இதை எப்படிங்க செய்யும்?

தராசு படம் பத்தியும் இங்கயே சொல்லிடறேன். ரெண்டு தட்டும் சமமா நிக்கற மாதிரி போட்டு, ஒரு தட்டுல வினைபடுபொருள், இன்னொண்ணுல விளைபொருள்னு எழுதியிருந்தீங்க. பார்க்கறவன் என்ன நினைப்பான், ரெண்டும் சரிபாதி இருக்கும்னுதான் நினைப்பான். சமம் ஆகறது அளவு இல்லீங்க, வேகம். ஹைட்ரஜன் ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ண வேதியியல்ல வெச்சிருக்கற அளவு, டஜன் மாதிரி), அயோடின் ஆவி ஒரு மோல் எடுத்து அடைச்ச பாத்திரத்துல 448 டிகிரி செல்சியஸ்ல வெச்சா, அங்க சமநிலை மாறிலி, அதாவது வினை எதுவரைக்கும் போகும்னு சொல்ற எண், கிட்டத்தட்ட 50, கணக்கு போட்டா ஹைட்ரஜன் அயோடைடு 1.56 மோல் உருவாகி ஹைட்ரஜனும் அயோடினும் தலைக்கு 0.22 மோல் மிச்சம் நிக்கும். அதுக்கு பதிலா வெறும் ஹைட்ரஜன் அயோடைடு 2 மோல் எடுத்து அதே சூட்டுல வெச்சாலும் அது உடைஞ்சு உடைஞ்சு கடைசியில அதே 1.56, அதே 0.22, அதே 0.22. ஜெர்மன்காரர் போடன்ஸ்டைன் 1890கள்லயே ரெண்டு பக்கத்துலேர்ந்தும் இதை பொறுமையா அளந்து காட்டிட்டார். இதுல எங்க சரிபாதி இருக்கு சொல்லுங்க. தராசை எடுத்துட்டு, ரெண்டு அறைக்கு நடுவுல ஒரு கதவு, அந்தப்பக்கம் போறவங்களும் இந்தப்பக்கம் வர்றவங்களும் நிமிஷத்துக்கு அதே எண்ணிக்கைன்னு ஒரு படம் போட்டிருந்தா போதும், ஒரு அறையில 40 பேர் இருக்கலாம், இன்னொண்ணுல 5 பேர் இருக்கலாம், கதவுல நடக்கற போக்குவரத்து மட்டும் சமம்.

வினையூக்கி விஷயம். இது பெரியவங்களே அடிக்கடி சறுக்கற இடம். வினை நடக்கணும்னா மூலக்கூறுகள் ஒரு மேட்டை ஏறி தாண்டணும், அந்த மேட்டோட ஒசரத்தைத்தான் கிளர்வு ஆற்றல்னு சொல்றோம், வினையூக்கி என்ன பண்ணுதுன்னா மேடு கம்மியா இருக்கற வேற ஒரு வழியை காட்டுது. அந்த வழி போறதுக்கு மட்டும் இல்ல, திரும்பி வர்றதுக்கும் அதே வழிதான், போற வேகம் நூறு மடங்கு ஏறினா வர்ற வேகமும் நூறு மடங்கு ஏறும். அதனால சமநிலைக்கு சீக்கிரம் வந்து சேரும், சேர்ற இடம் மாறவே மாறாது. மாறும்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க, அப்போ ஒரு பிஸ்டன் வெச்ச பெட்டியில வாயுவை அடைச்சு வினையூக்கியை உள்ள விட்டா சமநிலை ஒரு பக்கம் நகரும், பிஸ்டன் தள்ளும், வெளிய எடுத்தா திரும்பி நகரும், பிஸ்டன் மறுபடி அசையும், உள்ள வெளிய உள்ள வெளியன்னு ஆட்டிக்கிட்டே இருந்தா எரிபொருளே இல்லாம எஞ்சின் ஓட்டலாம். அப்படி ஒண்ணு இருந்தா நீங்க அதை மாணவர் பக்கத்துலயா போட்டிருப்பீங்க, முதல் பக்கத்துல எட்டு காலத்துல போட்டிருப்பீங்க.

இதோட மறுபாதியும் சொல்லணும், வேகம்ங்கற கேள்வியை தனியா பார்த்தா எவ்வளவு வித்தியாசமா இருக்கும்ங்கறதுக்கு. வைரம் சாதாரண காத்தழுத்தத்துல நிலையான பொருளே கிடையாது, கார்பனுக்கு அங்க நிலையான வடிவம் கிராஃபைட், பென்சில்ல இருக்கே அதுதான். "எதுவரைக்கும்"ங்கற கேள்விக்கு பதில், வைரம் கிராஃபைட்டா மாறணும். "எவ்வளவு வேகமா"ங்கறதுக்கு பதில், மேடு அவ்வளவு ஒசரம், சாதாரண சூட்டுல கோடிக்கணக்கான வருஷம் போனாலும் கவலைப்பட வேண்டாம். மாத்தி எடுத்துக்கிட்டா நம்ம ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு தண்ணியோட சேர்ற வினை, அதுவும் ரெண்டு பக்கமும் போறதுதான், தானா விட்டா உடம்புக்கு அது பத்தாத வேகம், ஆனா அங்க கார்பானிக் அன்ஹைட்ரேஸ்னு ஒரு நொதி, அதாவது உடம்புக்குள்ள இருக்கற வினையூக்கி, இருக்கு, அதோட ஒரே மூலக்கூறு நொடிக்கு பத்து லட்சம் தடவை அந்த வேலையை செய்யும். தசையில ஒரு பக்கமும் நுரையீரல்ல எதிர்ப்பக்கமும் அதே நொதி வேலை செய்யுது, வழி காட்டறது மட்டும்தான் அதோட வேலை, எந்தப்பக்கம் போகணும்னு முடிவு பண்றது அங்கங்க இருக்கற கார்பன் டை ஆக்சைடோட அளவு.

மூணாவது வாக்கியத்துக்கு வர்றேன், அடிக்கடி மோதிக்கறதால வேகமாகுதுங்கறது. சாதாரணமா நிறைய வினைகள்ல 10 டிகிரி ஏத்தினா வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும்னு ஒரு தோராய கணக்கு சொல்வாங்க, எல்லா வினைக்கும் கிடையாது, கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் பக்கத்துல இருந்தா அறை வெப்பநிலையில அப்படி வரும். இப்போ மோதல் எவ்வளவு கூடுதுன்னு பார்ப்போம். மூலக்கூறோட சராசரி வேகம் கெல்வின் வெப்பநிலையோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது, 298 கெல்வின்லேர்ந்து 308க்கு போனா அது 2 சதவீதம்கூட கூடாது, மோதறதும் அந்த அளவுக்குத்தான் கூடும். மோதல் 2 சதவீதம் கூடினதுக்கு வேகம் 100 சதவீதம் கூடுமா? காரணம் மோதல் எண்ணிக்கை இல்ல, மோதறதுல எத்தனை பேர் அந்த மேட்டை தாண்டற அளவுக்கு ஆற்றலோட வர்றாங்கங்கறது. மொத்த கூட்டத்துல அந்த மாதிரி ஆளுங்க துளியூண்டுதான், சூடு கொஞ்சம் ஏறினாலும் அந்த துளியூண்டு சட்டுனு ரெண்டு மடங்காயிடும். 1889லயே சுவீடன்காரர் அர்ரீனியஸ் இதை சமன்பாடா எழுதி வெச்சாச்சு. ஒரே ஒரு வரி சேர்த்திருந்தா அந்த வாக்கியம் தப்பிச்சிருக்கும், அதான் முக்காத்தப்புன்னு சொன்னேன்.

ரெண்டு கேள்வியும் நேருக்கு நேர் முட்டிக்கற இடம் அம்மோனியா, உங்க கட்டுரையிலயும் அது வந்துச்சு, ஆனா "வெப்பம், அழுத்தம், இரும்பு வினையூக்கி மூலம் அதிக அம்மோனியா பெறப்படுகிறது"ன்னு ஒரே வரியில ஓடிட்டார். அந்த மூணும் ஒரே வேலைக்கா இருக்கு? நைட்ரஜன் ஒரு பங்கு ஹைட்ரஜன் மூணு பங்கு சேர்ந்து அம்மோனியா ஆகறப்போ சூடு வெளிய வரும், ரெண்டு மோல் அம்மோனியாவுக்கு 92 கிலோஜூல். அப்போ சூட்டை ஏத்த ஏத்த சமநிலை பின்னாடிதான் போகும். 100 வளிமண்டல அழுத்தத்துல 200 டிகிரி செல்சியஸ்ல வெச்சா சமநிலையில 80 சதவீதத்துக்கு மேல அம்மோனியா கிடைக்கும், 500 டிகிரியில வெச்சா 10 சதவீதம் சொச்சம்தான். அப்போ 200லயே வெச்சுக்க வேண்டியதுதானேன்னா, அங்க இரும்பு வினையூக்கி இருந்தும் வேகம் நத்தை மாதிரி, அந்த 80 சதவீதத்தைப் பார்க்க நாம இருக்க மாட்டோம். நைட்ரஜன் மூலக்கூறுல ரெண்டு அணுவையும் கட்டியிருக்கற முப்பிணைப்பு லேசுல அறாது. சூடு வேகத்துக்காக, விளைச்சலுக்கு அது எதிரி. அழுத்தம் விளைச்சலுக்காக, நாலு மூலக்கூறு ரெண்டாகற வினைங்கறதால அழுத்தினா முன்னாடி போகும். வினையூக்கி வேகத்துக்காக மட்டும், அதனால சூட்டை கொஞ்சம் இறக்கிக்க முடியுது, விளைச்சலுக்கு அது சுத்தி வளைச்சு உதவறது அப்படித்தான். ஜெர்மன்காரர் ஹாபர் 1909ல மேஜை மேல ஆஸ்மியம்ங்கற உலோகத்தை வினையூக்கியா வெச்சு இதை செஞ்சு காட்டினார், அப்புறம் பாஷ் அதை தொழிற்சாலையா மாத்தினார், அவரோட வேலை பார்த்த மிட்டாஷ் ஆயிரக்கணக்குல வினையூக்கிகளை சோதிச்சு இரும்புக்கு வந்தார், 1913ல ஜெர்மனியில ஓப்பாவுல ஆலை ஓட ஆரம்பிச்சுச்சு.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது என்னன்னா, அவங்க சமநிலையோட சண்டையே போடல. ஒருதடவை உள்ள போற வாயுவுல 15 சதவீதம் மாதிரிதான் அம்மோனியா ஆகும், சரி ஆகட்டும்னு வெளிய வர்ற கலவையை குளிர வெச்சு அம்மோனியாவை மட்டும் திரவமா இறக்கிட்டு, மிச்ச நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் திருப்பி அதே உலைக்குள்ள அனுப்பிடறாங்க, சுத்தி சுத்தி கடைசியில கிட்டத்தட்ட எல்லாமே மாறிடும். ஊதுலைக்காரங்க 30 மீட்டர் கட்டினதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. இன்னொரு விஷயம், இதே லே சாட்லியர் 1901ல அம்மோனியாவுக்கு முயற்சி பண்ணினார், கருவிக்குள்ள காத்து கலந்து வெடிச்சுடுச்சு, அதோட விட்டுட்டார், கையில வந்ததை நழுவ விட்டுட்டேனேன்னு கடைசி காலத்துல வருத்தப்பட்டிருக்கார். தத்துவம் சொன்னவருக்கே அந்த கதி.

நானும் யோக்கியன் இல்லீங்க, ஒத்துக்கறேன். வேலைக்கு சேர்ந்த புதுசுல அந்த பழுப்பு வாயுவை சிரிஞ்ச்ல அடைச்சு காட்டுவேன், "அழுத்தினா ரெண்டு ஒண்ணாகற பக்கம் போகும், அதனால நிறம் வெளிறும்"னு புத்தகத்துல இருந்ததை ஒப்பிப்பேன், அழுத்துவேன், வெளிறிடுச்சு பார்த்தீங்களான்னு கேட்பேன், எல்லாரும் ஆமா சார்ம்பாங்க. ஒரு வருஷம் ஓரத்துல உட்கார்ந்திருந்த ஒரு பொண்ணு மட்டும், இல்ல சார், முன்னாடி இருந்ததைவிட டார்க்காத்தான் இருக்குன்னுச்சு. அதட்டிட்டேன். சாயங்காலம் தனியா உட்கார்ந்து திரும்ப திரும்ப அழுத்தி பார்த்தா அது சொன்னதுதான் சரி. அழுத்தின கணம் சட்டுனு கறுக்கும், இடம் குறைஞ்சு வாயு நெருங்கிடுச்சுல்ல, அப்புறம் கொஞ்சம் வெளிறும், ஆனா பழைய நிறத்துக்கு வரவே வராது. சமநிலை நாம செஞ்ச மாத்தத்தை குறைக்கும், முழுசா அழிக்காது, உங்க கட்டுரையில "மாற்றத்தை முறியடிக்கும்"னு போட்டிருக்கீங்களே, முறியடிக்கல்லாம் செய்யாது. அதே சிரிஞ்சை பக்கவாட்டுல பார்க்காம முனை வழியா நீளவாக்குல பார்த்தா நிஜமாவே முன்னைவிட வெளிறித்தான் தெரியும், ஏன்னா அந்த பார்வையில படறது நெருக்கம் இல்ல, மொத்த பழுப்பு மூலக்கூறோட எண்ணிக்கை, அது குறைஞ்சிருக்கு. நான் சிரிஞ்சை கையில வெச்சு முனைப்பக்கமா பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன், அந்த பொண்ணு பக்கவாட்டுல பார்த்திருக்கு. மறுநாள் வகுப்புல சொல்லி மன்னிப்பு கேட்டேன், அது சிரிக்கக்கூட இல்ல, நோட்டுல எழுதிக்கிச்சு.

அதனால கட்டுரை எழுதினவரை குறை சொல்ற தகுதி எனக்கு எவ்வளவு இருக்கோ தெரியல, ஆனா திருத்தம் போடுங்க, அதே மாணவர் பக்கத்துல அதே எழுத்து சைஸ்ல போடுங்க, ஏழாம் பக்க மூலையில வருந்துகிறோம்னு போட்டா எந்த பையனும் படிக்க மாட்டான்.

கடைசியா அம்புக்குறி. சமன்பாட்டுக்கு நடுவுல ரெண்டு முனையிலயும் தலை வெச்ச ஒத்தை அம்பு போட்டிருக்கீங்க, வேதியியல்ல அது உடனிசைவுக்கு, அதாவது ஒரே மூலக்கூறை ரெண்டு மூணு விதமா வரைஞ்சு காட்டறதுக்கு, போடற குறி, வேற சமாச்சாரம். மீள்வினைக்கு, அதான் ரெண்டு பக்கமும் போற வினைக்கு, தனித்தனியா ரெண்டு அம்பு, மேல ஒண்ணு வலதுபக்கம் பார்த்து, கீழ ஒண்ணு இடதுபக்கம் பார்த்து. டச்சுக்கார வேதியியலாளர் வான்ட் ஹாஃப் 1884லேயே ரெட்டை அம்பு போட ஆரம்பிச்சுட்டார், அதுக்கு முன்னாடி சமக்குறிதான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. உங்க லேஅவுட் பண்றவர் கம்ப்யூட்டர்ல அந்த குறி சிக்கலன்னா ரெண்டு சாதாரண அம்பை ஒண்ணுமேல ஒண்ணா வெச்சா போதும், நான் வினாத்தாள் அடிக்கறப்போ அப்படித்தான் பண்றேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர், உங்க பேப்பரோட பழைய வாசகர்